சுஷியும் சர்க்கரையும்: மீனை நம்பிச் சோற்றை மறக்கலாமா?

நீரிழிவு நோயர் என்ன உண்ணலாம் என்று எவரும் கேளாமலேயே விடை கூறுவோர் பெருகிய காலம் இது. பாகற்காய் என்பார் ஒருவர்; வெந்தயம் என்பார் மற்றொருவர். அண்மைக் காலத்தில் இவ்வரிசையில் ஜப்பானிய உணவாகிய சுஷியும் இடம்பெற்றுவிட்டது. "எண்ணெய் இல்லை, பொரியல் இல்லை, எல்லாம் மீன், ஜப்பானியர் நெடுங்காலம் வாழ்வதற்கு இதுவே காரணம், ஆகவே சர்க்கரை உள்ளவர் அச்சமின்றி உண்ணலாம்" என்பது ஒரு சாராரின் தீர்ப்பு. "சோற்றிலேயே சர்க்கரையைக் கலந்து வைத்திருக்கிறார்கள்; தொடவே கூடாது" என்பது மறுசாராரின் தீர்ப்பு. இரண்டுமே அரைகுறைத் தீர்ப்புகள் என்பது என் கருத்து.

தமிழ் கற்பிப்பவனுக்குச் சுஷியைப் பற்றி என்ன கவலை என மாணவர் நகைக்கக்கூடும். ஒசாகாவில் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவர், முப்பத்தைந்து வயதிலேயே நீரிழிவு கண்டறியப்பெற்றவர், எனக்கு இவ்வாறு எழுதியிருந்தார்: "சார், அலுவலகத்தார் வாரந்தோறும் சுஷிக் கடைக்கு அழைக்கிறார்கள். போகாவிட்டால் ஒதுங்கியவனாகிறேன், போனால் சர்க்கரை ஏறுகிறது. மீன்தானே என்று நம்பி உண்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கருவி 240 காட்டுகிறது. இனிப்பு எதையும் தொடவில்லையே, இது எப்படி?" மருந்தும் அளவும் கூறவேண்டியவர் அவருடைய மருத்துவர். ஆயினும் ஓர் உணவின் வரலாற்றையும் உள்ளடக்கத்தையும் தேடிப் படித்துச் சொல்வது ஆசிரியனுக்கு விலக்கப்பட்ட செயலன்று. அவருக்கு எழுதிய விடையையே ஈண்டு விரித்துரைக்கின்றேன்.

அவர் கேட்ட "இது எப்படி?" என்ற கேள்விக்கு விடை சுஷியின் வரலாற்றிலேயே இருக்கிறது. சுஷி என்ற சொல்லின் அடிப்படைப் பொருள் 'புளித்தது' என்பது. மீனைக் குறிக்கும் சொல்லன்று அது. பழைய சுஷி, மீனை நெடுநாள் கெடாமல் காக்கும் ஒரு முறை. உப்பிட்ட மீனை வெந்த சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் அழுத்தி வைப்பர். சோறு புளித்து, அப்புளிப்பு மீனைக் காக்கும். மேகாங் ஆற்றுப் பகுதியில் தோன்றிய முறை இது என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. ஜப்பானில் 927இல் நிறைவுற்ற 'எங்கிஷிகி' என்னும் அரச நடைமுறைத் தொகுப்பிலேயே திறைப்பொருள்களுள் ஒன்றாகச் சுஷி குறிக்கப்பெறுகிறது. ஷிகா மாநிலத்துப் பிவா ஏரிக்கரையில் 'ஃபுனாசுஷி' என்ற பெயரில் அப்பழைய வடிவம் இன்றும் வாழ்கிறது. ஏரிக்கெண்டையை உப்பிலும் பின்பு சோற்றிலும் ஓராண்டு வரையிலும் அதற்கு மேலும் வைத்தெடுப்பார்கள். உண்ணும் வேளையில் கூழாகிப்போன சோற்றை வழித்து நீக்கிவிட்டு மீனைத்தான் பெரும்பாலும் உண்பார்கள்.

அதாவது, ஆதியில் சுஷியின் சோறு உண்பதற்காக ஆனதன்று. ஊறுகாய்க்கு உப்பைப்போல அது மீனுக்குக் காவலாக அமைந்தது. பின்னர்ப் புளிக்கவைக்கும் காலத்தைச் சுருக்கினர், சோறும் உண்ணத்தக்கதாயிற்று. அதன்பின் புளிக்கவைக்கும் பொறுமையும் போய், சோற்றில் நேரே காடியை, அதாவது வினிகரை, ஊற்றிக்கொண்டனர். 1804இல் ஹாண்டா ஊரைச் சேர்ந்த மதுவடிப்பாளர் நாகானோ மத்தாசாயெமொன் என்பவர் வடித்தெஞ்சிய சக்கையிலிருந்து செந்நிறக் காடி செய்யத் தொடங்கினார். அது கப்பலேறி, இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரை அடைந்தது. அந்நகரில் 1820களில் ஹனாயா யோஹெய் என்பவர் காடிச் சோற்றைக் கையால் உருட்டி மேலே மீன்துண்டை வைத்து விற்றார் என்று கூறுவர். அதுவே இன்று உலகறிந்த நிகிரி. அன்றைய உருண்டை இன்றைய நிகிரியைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது. தெருவோரம் நின்றபடி இரண்டொன்றை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகும் உழைப்பாளியின் உணவு அது.

இவ்வரலாற்றை இவ்வளவு விரித்துக் கூறக் காரணம் உண்டு. சோற்றை நீக்கிவிட்டு மீனை உண்ட உணவு, காலப்போக்கில் சோற்றின்மேல் மீனைச் சிறிது தொட்டுவைக்கும் உணவாக உருமாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. மீனுக்குரிய நற்பெயரைச் சோறு சுமந்துகொண்டு உள்ளே நுழைகிறது. நம் மாணவர் ஏமாந்த இடம் இதுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். சுஷிச் சோற்றை ஜப்பானியர் 'ஷாரி' என்பர். இச்சொல் வடமொழிச் 'சரீரம்' என்பதன் வழிவந்தது என்றும், புத்தரின் திருவுடல் எச்சங்களாகிய வெண்துகள்களை அரிசி ஒத்திருப்பதால் வந்த பெயர் என்றும் கூறுவர். சொல்லாய்வில் ஈடுபாடுடைய மாணவர் இதனை மேலும் துருவலாம். ஒரு நிகிரியில் ஷாரி ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் வரை இருக்கும். வெந்த வெள்ளரிசிச் சோறு நூறு கிராமில் ஏறத்தாழ 37 கிராம் மாவுச்சத்து. ஆக, ஒரு நிகிரியில் ஏறக்குறைய 6 அல்லது 7 கிராம். பத்து நிகிரி உண்டால் 60 முதல் 70 கிராம். ஒரு கிண்ணம் சோறு 150 கிராம் என்றால் அதில் 55 கிராம்தான். மீன் மட்டும் உண்டதாக எண்ணிக்கொண்டு ஒரு கிண்ணத்துக்கு மேற்பட்ட சோற்றை உண்டிருக்கிறார் நம் நண்பர்! சோறு உருண்டைகளாகப் பிரிந்து, மீனாடை போர்த்தி வந்ததால் அது சோறாகவே கண்ணில் படவில்லை.

பத்து என்ற எண்ணுக்கும் ஒரு கதையுண்டு. போருக்குப் பிந்திய உணவுத் தட்டுப்பாட்டில், 1947இல், ஜப்பானில் உணவுக் கடைகள் முடக்கப்பட்டன. வாடிக்கையாளர் கொண்டுவரும் ஒரு 'கோ' அளவு அரிசியை வாங்கிக்கொண்டு பத்துத் துண்டு சுஷி செய்துதரும் பணியாகத் தம் தொழிலைச் சுஷிக் கடைக்காரர்கள் மாற்றி அமைத்துக்கொண்டனர். ஒருவருக்குப் பத்து என்ற வழக்கம் அதிலிருந்து நிலைபெற்றது என்பர். பஞ்ச காலத்துப் பங்கீட்டு அளவு, இன்று ஒவ்வொருவரின் இயல்பான பசியளவு போலக் கருதப்படுவது வியப்புக்குரியது.

அடுத்து, சோற்றில் கலக்கும் சர்க்கரை. எல்லாரும் அஞ்சுவது இதற்கே. வீட்டளவில் மூன்று 'கோ' அரிசி வடித்தால் ஏறத்தாழ ஒரு கிலோ சோறு கிடைக்கும். அதற்கு முப்பது கிராம் அளவில் சர்க்கரை சேர்ப்பது பொது வழக்கம். ஒசாகா வட்டாரத்தில் இனிப்பு சற்றுக் கூடும். செங்காடியும் உப்பும் மட்டும் சேர்க்கும் பழைய டோக்கியோ முறைக் கடைகளும் உண்டு. இக்கணக்கின்படி பத்து நிகிரியில் சேரும் சர்க்கரை 5, 6 கிராம். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே மிகுதி. மாவுச்சத்தோ அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். சர்க்கரை போடாத கடையைத் தேடித் தெருத்தெருவாக அலைந்து, அங்கே பதினைந்து நிகிரி உண்பவரை என்னென்பது! தேநீரில் சீனி வேண்டாம் என்று மறுத்துவிட்டு, நெய்ச்சோற்றுத் தட்டை மும்முறை நிரப்பிக்கொள்ளும் நம் உறவினர் சிலரை இங்கே நினைவுகூர்ந்தால் தவறில்லை.

காடிக்கு உரிய நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். வயிற்றிலிருந்து உணவு குடலுக்கு இறங்கும் வேகத்தைக் காடியிலுள்ள அமிலம் தணிக்கிறது. வெள்ளரிசிச் சோற்றோடு காடியோ பாற்பொருளோ அவரை, சோயா போன்ற பயறுவகையோ சேரும்போது இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் குறைவதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே அதே எடையுள்ள வெறுஞ்சோற்றைவிடச் சுஷிச்சோறு ஓரளவு நல்லது. ஆனால் சுஷிக்கு ஏற்ற ஜப்பானியக் குட்டை அரிசி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஒட்டும் அரிசியின் மாவு விரைந்து செரிக்கக் கூடியது. காடி கொடுப்பதில் ஒரு பகுதியை அரிசியின் இயல்பு பறித்துக்கொள்கிறது. அளவு இரட்டித்தால் காடி செய்யும் உதவி எம்மூலைக்கு?

காடியைவிடப் பெரிய உதவி, உண்ணும் வரிசையில் இருக்கிறது. 2016இல் ஜப்பானில் நிகழ்ந்த ஓர் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு நோயரும் நலமுடையோரும் ஒரு நாள் சோற்றை முதலில் உண்டு பின்பு வேகவைத்த கானாங்கெளுத்தி மீனை உண்டனர். மற்றொரு நாள் மீனை முதலில் உண்டு, கால்மணி நேரம் கழித்துச் சோற்றை உண்டனர். உணவு அதேதான், வரிசை மட்டுமே வேறு. மீன் முந்திய நாளில் இரைப்பை மெல்லக் காலியாயிற்று. சர்க்கரையும் தணிந்தே ஏறியது. சுஷியின் இடர்ப்பாடு இங்கே விளங்கும். நிகிரியில் மீனும் சோறும் ஒரே வாயில் நுழைகின்றன; முந்துவதற்கு மீனுக்கு இடமே இல்லை. ஆகவே வரிசையை உண்பவர்தாம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். முதலில் சோறில்லாத மீன்துண்டுகளாகிய சாஷிமி ஒரு தட்டு, அவித்த பச்சைச் சோயாக் காய், கடற்பாசிக் கூட்டு, மிசோ சாறு. இவற்றை உரையாடிக்கொண்டே கால்மணி நேரம் உண்டபின் நான்கைந்து நிகிரி. சோற்றை வழித்துவிட்டு மீனை உண்ட பிவா ஏரிக்கரைக் கிழவரின் வழிக்குப் பாதி தூரம் திரும்பிச் செல்வது போன்றது இது.

எல்லாச் சுஷியும் ஒன்றல்ல என்பதையும் மாணவருக்கு எழுதினேன். கடற்பாசித் தாளில் சுற்றிய மெல்லிய சுருளில் ஆறு துண்டுக்கு ஏறத்தாழ 80 கிராம் சோறு. தடித்த சுருள்களில் இதைவிடப் பன்மடங்கு. 'சிராஷி' என்பது கிண்ணம் நிறையச் சோற்றைப் பரப்பி மேலே மீனை அடுக்குவது. இருநூறு, இருநூற்றைம்பது கிராம் சோறு அதில் எளிதில் அடங்கும். 'இனாரி' என்பதோ சர்க்கரைப் பாகில் வேகவைத்த சோயாக் கட்டிப் பைக்குள் சோற்றைத் திணித்தது. மீனே இல்லாத அதனை 'சைவந்தானே, மெல்லிய உணவுதானே' என்று எண்ணுவோர் உளர்! முட்டை அடையிலும் சர்க்கரை உண்டு. விலாங்கு மீனின்மேல் பளபளக்கப் பூசும் குழம்பு, சர்க்கரையும் 'மிரின்' என்னும் இனிப்பு அரிசி மதுவும் சேர்த்துக் காய்ச்சியது. மதுவை விலக்கும் நம்மவர் அதைத் தவிர்க்க இரட்டைக் காரணம் உண்டு. அமெரிக்காவில் பிறந்து உலகெங்கும் பரவிய, மயோனைசும் பொரித்த இறாலும் அடைத்த பெரிய சுருள்களில் வேறொரு சூழ்ச்சி உளது. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் இரண்டு மணி நேரத்தில் கருவி நல்ல எண்ணைக் காட்டும். மூன்று நான்கு மணி நேரம் கழித்தே சர்க்கரை உச்சிக்குப் போகும். உண்டவர் அதற்குள் உறங்கியிருப்பார்.

சுழலும் பட்டையில் தட்டுகள் ஊர்ந்துவரும் மலிவுக் கடைகளை மேல்தட்டுச் சுவைஞர் இகழ்வதுண்டு. 1958இல் ஒசாகாவின் அண்டைநகரில் ஷிராய்ஷி யோஷியாகி தொடங்கிய முறை அது. நீரிழிவு நோயருக்கு அதைவிட ஏற்ற கடை வேறில்லை என்பேன். பெரும்பாலும் தட்டுக்கு இரண்டு துண்டு. உண்ட தட்டுகள் கண்முன்னே அடுக்கி நிற்கும். இரண்டு தட்டு என்றால் நான்கு நிகிரி, இருபத்தைந்து கிராம் அளவில் மாவுச்சத்து. இவ்வளவு நேர்மையாக உண்டதைக் காட்டும் விருந்து வேறெங்கே உண்டு? அத்தகைய கடைத்தொடர்களுள் ஒன்றான குரா சுஷி, 2017இல் சோற்றைப் பாதியாகக் குறைத்த சுஷியையும், சோற்றுக்குப் பதிலாகக் காடியில் ஊறிய முள்ளங்கியை வைத்த வகையையும் அறிமுகப்படுத்தியது.

இத்துணை கூறியபின், சோற்றை முற்றும் ஒழித்து மீனை மட்டுமே உண்டுவிட்டால் போயிற்று என்று இளைஞர் துணியக்கூடும். இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். உணவுக்கு முன் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவரும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை உண்பவரும் வழக்கமான மருந்தைப் போட்டுக்கொண்டு சாஷிமியோடு எழுந்துவிட்டால், மருந்து தன் வேலையைச் செய்யும். அதற்கு ஈடான மாவுச்சத்து உடலில் இராது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மனம் தடுமாறி, அயலூர்ச் சாலையில் மயங்கி விழும் நிலை நேரலாம். உயர்ந்த சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அரிக்கும். தாழ்ந்த சர்க்கரையோ நிமிடக்கணக்கில் வீழ்த்தும். எவ்வளவு சோறு உண்ணப்போகிறோம் என்பதை முன்னரே அறிந்து, அதற்கேற்ற மருந்தளவை மருத்துவரிடம் கேட்டு வைத்திருப்பதே முறை. 'சோறே வேண்டாம்' என்ற வீரத்தைவிட 'நான்கு நிகிரி' என்ற கணக்கு பாதுகாப்பானது.

இக்கணக்கு ஜப்பானியருக்குப் புதிதன்று. அந்நாட்டு நீரிழிவுக் கழகம் 1965இலேயே உணவு மாற்று அட்டவணை ஒன்றை வெளியிட்டு, 80 கிலோ கலோரியை ஓர் அலகாக வகுத்தது. சோறு ஐம்பது கிராம் ஓர் அலகு. நிகிரிக் கணக்கில் மூன்று. சுஷி பிறந்த நாடாயினும் நோய்க்கு விலக்குப் பெற்ற நாடன்று அது. 2016ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, நீரிழிவு இருப்பதாக வலுவாக ஐயுறத்தக்கோர் ஒரு கோடிப்பேர் என மதிப்பிட்டது. வெள்ளரிசி மிகுதியாக உண்ணும் ஜப்பானியப் பெண்களிடம் நீரிழிவு கூடுதலாகத் தோன்றுவதை 2010இல் வெளியான ஆய்வு சுட்டியது. சோறுண்ணும் நமக்கும் இச்செய்தி அயலானதன்று. 21 நாடுகளில் 1,30,000க்கும் மேற்பட்டோரைச் சராசரி ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளரிசிக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாகத் தெரிந்தது. ஆகவே சுஷிக் கடையில் கற்கும் கணக்கு இட்லித் தட்டிலும் விருந்துப் பந்தியிலும் பயன்படாமல் போகாது.

கணக்குத் தெரிந்தாலும் வாய் திறக்க வேண்டுமே! சோற்றைக் குறைத்து வையுங்கள் என்று கேட்பது கடைக்காரரை அவமதிப்பதாகுமோ என்று நம் மாணவர் அஞ்சியிருந்தார். உண்மையில் 'ஷாரி சுகுனாமே' என்ற இரண்டே சொற்கள் போதும். சோறு சிறிதாக வேண்டும் என்பது பொருள். முதியோரும் பெண்டிரும் நெடுங்காலமாகக் கேட்டு வரும் இயல்பான வேண்டுகோள் அது. உருண்டையைச் சிறிதாகப் பிடிப்பது சமையற்காரரின் கைத்திறனுக்கு உட்பட்டதே. எவ்வுணவு, எவ்வரிசை என்பதைச் சமையற்காரரிடமே விட்டுவிடும் உயர்தரக் கடைகளிலும், அமரும்போதே சொல்லிவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள். தடுப்பது கடைக்காரரின் முகக்குறிப்பன்று. 'எனக்குச் சர்க்கரை' என்று உடன் பணிபுரிவோர் முன் சொல்ல நாணும் நம் உள்ளமே.

அந்நாணம் ஜப்பானியருக்கும் உண்டு. அவர்தம் மொழியில் இந்நோயின் பெயர் 'தோன்யோபியோ'. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் சர்க்கரை, சிறுநீர், நோய். பெயரிலேயே சிறுநீர் நிற்பதால் நோயர் கூசுகின்றனர் என்றும், நோயின் இயல்பையும் அது சரியாக உணர்த்தவில்லை என்றும் கருதி, 2023இல் அந்நாட்டு நீரிழிவுக் கழகமும் அதன் துணையமைப்பும் 'டயபெட்டிஸ்' என்ற சொல்லையே வழங்கலாம் என முன்மொழிந்தன. நம் 'நீரிழிவு'ம் அதே வழியில் பிறந்த சொல்தான். ஆயினும் 'இழிவு' என்பதற்கு இறங்குதல் என்ற பொருளும் உண்டென்பதைத் தமிழ் மாணவர் அறிவர். பிறர் அறியாமல் அதைத் தாழ்வெனக் கொள்கின்றனர். நோய்க்கு நாணம் எதற்கு? பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசவையையே தன் கைக்குள் வைத்திருந்த புஜிவாரா நோ மிச்சினாகா ஓயாத தாகத்தால் நீர் பருகியதையும் பார்வை மங்கியதையும் அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. அவருக்கு இருந்தது நீரிழிவே என்பர். 1994இல் கோபே நகரில் உலக நீரிழிவு மாநாடு கூடியபோது, அவர் உருவத்தையும் இன்சுலின் படிகத்தையும் சேர்த்தே ஜப்பான் அஞ்சல்தலை வெளியிட்டது.

சோயாக் குழம்பைப் பற்றி ஒரு சொல். ஒரு மேசைக்கரண்டிச் சோயாவில் இரண்டரை கிராமுக்கு மேற்பட்ட உப்பு. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் நிறுத்துக என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. சர்க்கரையோடு இரத்த அழுத்தமும் உடையவர், நிகிரியைக் கவிழ்த்து மீன்பக்கத்தை மட்டும் தொட்டுக்கொள்வது நன்று. சோற்றுப் பக்கத்தை நனைத்தால் அது பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மீனின் அளவும் மருத்துவர் வரையறுக்க வேண்டியதே. பச்சை மீனைப் பொறுத்தவரை, நம்பத்தக்க கடையில் அன்றன்றே உண்ண வேண்டும் என்பதற்கு மேல் விரித்துரைக்கத் தேவையில்லை.

கடைக்குச் செல்ல நேரமின்றி, நிலையத்தருகே பெட்டியில் அடைத்து விற்கும் சுஷியை வாங்கும் நாள்களுக்கும் மாணவர் வழி கேட்டிருந்தார். 2015இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய உணவுக் குறிப்புச் சட்டப்படி, பெட்டிமேல் ஆற்றல், புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, உப்பு ஆகிய ஐந்தும் அச்சிடப்படுகின்றன. மாவுச்சத்துக்கு உரிய ஜப்பானியச் சொல் நான்கு எழுத்தாலானது: கரி, நீர், மாற்றம், பொருள் என்பன அவற்றின் தனித்தனிப் பொருள்கள். அந்நாட்டில் மூன்றாண்டு வாழ்ந்தும் எழுத்துப் பயிலாமல் காலந்தள்ளும் அவரை, வேறெதையும் பயில்வதற்கு முன் இந்நான்கு எழுத்தைப் பழகிக்கொள்ளும்படி எழுதியிருக்கிறேன். அவ்வெழுத்துகளுக்கு அருகிலுள்ள எண் முழுப்பெட்டிக்கு உரியதா, நூறு கிராமுக்கு உரியதா என்பதை அட்டவணையின் தலைப்பில் பார்த்துக்கொள்ளுமாறும் குறிப்பிட்டிருக்கிறேன்.